250 ஆண்கள், ஒரே ஒரு பெண்: ஜூடி சிகாகோவைத் தெரியுமா?

1960களின் அமெரிக்கா. கார் பாடிக்கு டிங்கரிங் பார்க்கவும் பெயின்ட் அடிக்கவும் சொல்லித்தருகிற ஒரு தொழிற்பள்ளி. மாணவர்கள் 250 ஆண்கள். அவர்களுக்கு நடுவே ஸ்ப்ரே கன்னைப் பிடித்தபடி நிற்கிறார் ஒரே ஒரு பெண்! அவர் மெக்கானிக் ஆக வந்தவர் இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஓவியமும் சிற்பமும் படித்து முதுகலைப் பட்டம் வாங்கியவர். அப்படிப்பட்டவருக்குக் கார் பட்டறையில் என்ன வேலை?

தூரிகையால் தீட்டிய நிறம் பரப்பின் மேல் தனியாக உட்கார்ந்துகொள்கிறது. அவருக்கு அது போதவில்லை. நிறமும் பரப்பும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகிவிட வேண்டும் என்று விரும்பினார். அந்த வித்தை கல்லூரியில் இல்லை, கார் பெயின்டரின் கையில்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இன்று 'ஜூடி சிகாகோ' என்று உலகம் அறிந்த பெண்ணியக் கலைஞரின் முழு வாழ்க்கையும் இப்படித்தான் நடந்திருக்கிறது. தனக்கு வேண்டிய வித்தை எங்கே இருக்கிறதோ, அங்கே போய் மாணவியாக உட்காருவார். படகு கட்டுபவரிடம் ஃபைபர் கிளாஸ் வேலை, வாணவேடிக்கைக்காரர்களிடம் வெடி, இல்லத்தரசிகளிடம் பீங்கான் ஓவியம் என்று அவர் கற்ற பட்டியல் நீளமானது!

அந்தப் பட்டறைப் படிப்பின் பலன் என்ன தெரியுமா? 'கார் ஹூட்' என்ற 1964ஆம் ஆண்டுப் படைப்பு. செவர்லே கோர்வேர் காரின் பானட்டையே எடுத்து, அதன்மேல் பளபளக்கும் லாக்கர் பெயின்ட்டில் வடிவங்களைத் தீட்டினார். ஆண்களின் உலகமாகவே கருதப்பட்ட கார் மீது பெண்ணுடலை நினைவூட்டும் வடிவங்கள்! அதே வரிசையில் இன்னும் மூன்று பானட்டுகளுக்கான கோலங்களை அப்போதே உருவாக்கியிருந்தார். பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கு அந்த வடிவங்கள் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒதுக்கி வைத்தார். அந்த மூன்றையும் எப்போது முடித்தார் என்று நினைக்கிறீர்கள்? 2011இல்! சுமார் 46 ஆண்டுகள் கழித்து, எழுபது வயதைத் தாண்டிய பிறகு, விட்ட இடத்திலிருந்து எடுத்து முடித்தார். அவற்றில் ஒன்றின் பின்னால் இரண்டு மரணங்கள் இருக்கின்றன. அவருக்கு 13 வயதாக இருந்தபோது அப்பா போனார். 23 வயதில் முதல் கணவர் ஜெர்ரி கெரோவிட்ஸ் கார் விபத்தில் இறந்தார். அந்த இரட்டை இழப்பைத்தான் அந்தப் பானட் சுமக்கிறது.

அவருடைய பெயரின் கதை அதைவிட ஆச்சரியம். 1939 ஜூலை 20இல் சிகாகோ நகரில் பிறந்தபோது வைத்த பெயர் ஜூடித் சில்வியா கோஹென். அப்பா ஆர்தர் கோஹென் 23 தலைமுறைகளாக யூத மதகுருக்கள் வந்த குடும்பத்தின் வாரிசு. அந்த மரபை உடைத்துக்கொண்டு வெளியே வந்து மார்க்சியரானவர், தொழிற்சங்கம் கட்டியவர். வீட்டில் நடந்த அரசியல் விவாதங்களில் பெண்களும் சரிசமமாக உட்கார்ந்து பேசுவார்களாம். சின்னஞ்சிறு வயதிலேயே சிகாகோ கலைக்கழகத்தில் ஓவிய வகுப்பில் சேர்ந்துவிட்ட அந்தக் குழந்தைக்கு, பெண்ணால் முடியாது என்று ஒரு பேச்சு உலகத்தில் இருப்பதே கல்லூரிக்குப் போன பிறகுதான் உறைத்தது!

கல்யாணத்துக்குப் பிறகு கெரோவிட்ஸ். அந்தப் பெயரில்தான் முதல் கண்காட்சிகள். லாஸ் ஏஞ்சலஸ் காலரி உரிமையாளர் ரோல்ஃப் நெல்சன், இவருடைய பேச்சில் சிகாகோ வாடை தூக்கலாக அடிப்பதைக் கேட்டு 'ஜூடி சிகாகோ' என்று கூப்பிட ஆரம்பித்தார். பட்டப்பெயர்தான். ஆனால் இவர் அதைப் பிடித்துக்கொண்டார். அப்பா வழியில் வந்ததும் வேண்டாம், கணவர் வழியில் வந்ததும் வேண்டாம், பிறந்த ஊரின் பெயர் போதும் என்று முடிவெடுத்தார். 1970 அக்டோபரில் 'ஆர்ட்ஃபோரம்' என்ற பிரபலமான கலை இதழில் முழுப் பக்க விளம்பரம்! ஆணாதிக்கச் சமூகம் தன்மீது சுமத்திய பெயர்களை எல்லாம் கழற்றிவிட்டுத் தன் பெயரைத் தானே தேர்ந்தெடுப்பதாக அதில் அறிவித்தார். கெசட்டில் பெயர் மாற்றுவதைப் பார்த்திருக்கிறோம். கலை இதழில் பெயர் மாற்றியவர் வேறு யாராவது உண்டா? அத்தோடு விடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு விளம்பரம். குத்துச்சண்டை வளையத்துக்குள் கையுறை மாட்டிக்கொண்டு, மார்பில் தன் புதுப்பெயர் பொறித்த சட்டையோடு கயிற்றில் சாய்ந்தபடி நிற்கிறார். மோதத் தயார் என்பதை இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்?

மோதல் அவர் தேடிப் போனது இல்லை. 1965இல் 'ரெயின்போ பிக்கெட்' என்ற சிற்பத்தைச் செய்தார். வெவ்வேறு மென்னிறங்களில் ஆறு பெரிய உத்திரங்கள், ஒன்றைவிட ஒன்று நீளமாகிக்கொண்டே போய்ச் சுவரில் சாய்ந்து நிற்கும். கூடத்தையே அடைத்துக்கொள்ளும் அளவு. அதைப் பார்க்க ஸ்டூடியோவுக்கு வந்த ஒரு பெரிய கண்காட்சிப் பொறுப்பாளர், அந்தப் பிரம்மாண்டமான சிற்பத்தைத் தவிர அறையில் இருந்த மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனார்! ஒரு பெண் இத்தனை வலுவான வேலையைச் செய்திருப்பதை எப்படி எதிர்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்த ஆண்டே அந்தச் சிற்பம் நியூயார்க்கின் யூத அருங்காட்சியகத்தில் 'பிரைமரி ஸ்ட்ரக்சர்ஸ்' என்ற வரலாற்றுப் புகழ் பெற்ற கண்காட்சியில் இடம்பிடித்தது. டொனால்ட் ஜட், கார்ல் ஆந்த்ரே போன்ற மினிமலிச மன்னர்களோடு ஒரே கூரையின் கீழ்! ஆனால் பத்திரப்படுத்தி வைக்க இடமும் பணமும் இல்லாமல் அந்தச் சிற்பத்தை அவரே அழிக்க வேண்டியதாயிற்று. இன்று நாம் பார்ப்பது 2004இல் அவர் மறுபடியும் செய்தது.

நிறத்தைப் பரப்போடு ஒட்டவைத்தவர் அடுத்து நிறத்தைக் காற்றிலேயே அவிழ்த்துவிட்டார். 1968 முதல் 1974 வரை கலிஃபோர்னியாவின் பாலைவனங்களிலும் கடற்கரைகளிலும் மலைகளிலும் வண்ணப் புகையைக் கிளப்பினார். 'அட்மாஸ்ஃபியர்ஸ்' என்று பெயர். ஊதா, ஆரஞ்சு, வெள்ளை என்று திரண்டு வரும் புகை சில நிமிடங்களில் கரைந்து காணாமல் போகும். அதே காலத்தில் ஆண் கலைஞர்கள் புல்டோசர் வைத்து மலையைக் குடைந்து, பாலைவனத்தில் பள்ளம் வெட்டி 'நிலக்கலை' செய்துகொண்டிருந்தார்கள். நிலத்தில் ஒரு கீறல்கூட விழாமல் நிலத்தையே மாற்றிக் காட்ட முடியும் என்றார் இவர். சில நிகழ்வுகளில் உடம்பு முழுக்க வண்ணம் பூசிய பெண்கள் புகைக்கு நடுவே நிற்பார்கள். வாணவேடிக்கை உரிமம் பெறுவதற்காகப் பயிற்சிக்குப் போனார். பயிற்சி பெற்ற இடத்தில் பாலியல் தொல்லை. படிப்பைப் பாதியில் விட்டு வெளியேற வேண்டியிருந்தது. ஆனால் புகையை விட்டாரா? 2012இல் கலிஃபோர்னியாவின் பமோனா கல்லூரியில் வாணவேடிக்கையால் ஒரு ராட்சதப் பட்டாம்பூச்சியை எரியவிட்டுக் காட்டினார்!

இனி வருவது என்னை மிகவும் அசரவைக்கிற பகுதி. 1970இல் ஃபிரெஸ்னோ என்ற ஊரின் அரசுக் கல்லூரியில் பெண்களுக்கென்றே ஒரு கலை வகுப்பைத் தொடங்கினார். பெண்ணியக் கலைக்கென்று அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் தொடங்கிய முதல் படிப்பு அதுதான். மாணவியர் 15 பேர். முதல் பாடம் என்ன தெரியுமா? சுத்தியல் பிடிப்பது! கல்லூரிக்கு வெளியே ஒரு பழைய கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, சுவர் எழுப்பி, பூசி, பெயின்ட் அடித்துத் தங்கள் ஸ்டூடியோவைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். ஆண் பிள்ளைகள் சின்ன வயதிலேயே அப்பாவோடு நின்று கற்றுக்கொள்வதைப் பெண்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை, அதனால்தான் பெரிய அளவில் எதையும் செய்யத் தயங்குகிறார்கள் என்பது அவருடைய கணிப்பு. அடுத்த ஆண்டு வகுப்பு கலிஃபோர்னியா கலைக் கழகத்துக்கு மாறியது. அங்கே மிரியம் ஷப்பீரோ என்ற மூத்த ஓவியரும் சேர்ந்துகொண்டார். புதுக் கல்லூரிக் கட்டடம் முடிந்திருக்கவில்லை. வகுப்புக்கு இடமில்லை. சும்மா இருப்பார்களா?

ஹாலிவுட்டில் மரிபோசா அவென்யூவில் இடிபடக் காத்திருந்த 17 அறைகள் கொண்ட ஒரு பாழடைந்த மாளிகையைப் பிடித்தார்கள். ஜன்னல்கள் உடைந்து கிடந்தன. வெந்நீர் இல்லை, ஹீட்டர் இல்லை. மாணவியர் குளிரில் நடுங்கிக்கொண்டே கண்ணாடி மாட்டினார்கள், குப்பை அள்ளினார்கள், ஒயரிங் பார்த்தார்கள். பிறகு ஒவ்வோர் அறையையும் ஒரு கலைப்படைப்பாக மாற்றினார்கள். 'வுமன்ஹவுஸ்' பிறந்தது! 1972 ஜனவரி 30 முதல் பிப்ரவரி 28 வரை, ஒரே ஒரு மாதம். பார்த்தவர்கள் சுமார் 10,000 பேர்.

உள்ளே போனால் என்ன இருக்கும்? சமையலறை முழுக்க ஒரே இளஞ்சிவப்பு. சுவர், அடுப்பு, அலமாரி, பாத்திரம் எல்லாம் அதே நிறம். கூரையில் வரிசையாகப் பொரித்த முட்டைகள். அந்த முட்டைகள் சுவர் வழியாக இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாக முலைகளாக மாறிவிடும்! மாடிப்படியில் ஒரு மணப்பெண் பொம்மை. அவளுடைய உடையின் நீண்ட வால் படிகளில் வழிந்து வர வர அழுக்கேறிச் சாம்பல் நிறமாகிவிடும். துணி அலமாரியைத் திறந்தால் மடித்து வைத்த விரிப்புகளுக்கு நடுவே ஒரு பெண் பொம்மை, அலமாரித் தட்டுகளால் துண்டு துண்டாக வெட்டப்பட்ட மாதிரி மாட்டிக்கொண்டு நிற்கும். ஜூடி சிகாகோ செய்தது ஒரு குளியலறை. பளிச்சென்ற வெள்ளை. அலமாரியில் வாசனைப் பொருள்களும் நாப்கின் பாக்கெட்டுகளும் அடுக்கி வைத்திருக்கும். மெல்லிய திரைத்துணி வழியாகத்தான் எட்டிப் பார்க்க வேண்டும். வெள்ளைக்கு நடுவே குப்பைத் தொட்டியில் ரத்தம் தோய்ந்த நாப்கின்கள் நிரம்பி வழியும்! ஒவ்வொரு வீட்டிலும் மாதாமாதம் நடப்பது. ஆனால் கலையில் அதுவரை அநேகமாக யாரும் காட்டாதது. 1972இல்!

அந்த வீட்டின் நடுக்கூடத்தில் நாடகங்களும் நடந்தன. ஒரு பெண் வந்து தரையைத் தேய்ப்பாள். தேய்த்துக்கொண்டே இருப்பாள், அவ்வளவுதான் நாடகம். இன்னொருத்தி துணிக்கு இஸ்திரி போடுவாள். ஃபெய்த் வில்டிங் என்ற மாணவி நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கை வைத்து முன்னும் பின்னும் ஆடியபடி, பிறந்ததிலிருந்து சாகும் வரை ஒரு பெண் எதற்கெல்லாம் காத்திருக்கிறாள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். வளர்வதற்கு, கல்யாணத்துக்கு, பிள்ளைக்கு, பிள்ளை வீடு திரும்புவதற்கு. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் அழுதார்களாம். மாதம் முடிந்தது. வீட்டை இடித்துவிட்டார்கள். அதில் இருந்த அநேகம் படைப்புகள் இன்று புகைப்படங்களிலும் ஒரு ஆவணப்படத்திலும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. இதை எழுதும்போதே மனசு பதறுகிறது.

இப்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். 'தி டின்னர் பார்ட்டி'க்கு வந்துவிட்டோம்!

எல்லாம் ஒரு பழம்பொருள் கடையில் பார்த்த பீங்கான் தட்டில் ஆரம்பித்தது. கையால் தீட்டிய அந்தத் தட்டில் நிறம் பீங்கானோடு ஒன்றாகக் கலந்திருந்தது. கார் பட்டறையில் அவர் தேடிப் போன அதே விஷயம்! சூளையின் நெருப்பு நிறத்தைப் பரப்புக்குள்ளேயே உருக்கி இறக்கிவிடுகிறது. உடனே பீங்கான் ஓவியம் தெரிந்த பெண்களிடம் மாணவியாகச் சேர்ந்து ஒன்றரை ஆண்டு கற்றார். கற்கப் போன இடத்தில் கண்டது என்ன? அற்புதமான கைத்திறன் உள்ள பெண்கள் வாழ்நாள் முழுக்கத் தீட்டியிருக்கிறார்கள். தீட்டியதெல்லாம் அவர்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. எந்தக் காலரியும் அதைக் கலை என்று சொல்லவில்லை. 'கைவேலை' என்று சொல்லி ஒதுக்கிவிட்டது. அப்படியானால் அந்தக் கைவேலையை வைத்தே, வரலாறு ஒதுக்கிவிட்ட பெண்களின் கதையைச் சொன்னால்?

1974இல் தனியாகத் தொடங்கினார். 1979இல் முடித்தபோது சுமார் 400 பேர் அதில் கைவைத்திருந்தார்கள், பெரும்பாலும் சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள். சமபக்க முக்கோண வடிவில் ஒரு ராட்சத விருந்து மேசை. ஒவ்வொரு பக்கமும் 48 அடி! பக்கத்துக்கு 13 இருக்கைகள், மொத்தம் 39. இயேசுவின் கடைசி விருந்தில் உட்கார்ந்தவர்கள் 13 பேர், அத்தனை பேரும் ஆண்கள். அந்தக் கணக்கைத்தான் மூன்று மடங்காக்கிப் பெண்களை உட்காரவைத்தார். ஒவ்வொருவருக்கும் 14 அங்குல பீங்கான் தட்டு, கோப்பை, கத்தி, முள்கரண்டி, தங்கக் கரை போட்ட கைத்துணி, கீழே எம்பிராய்டரி செய்த விரிப்பு. ஆதித்தாயில் தொடங்கி 20ஆம் நூற்றாண்டு ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃபில் முடிகிறது வரிசை. கவிஞர் சாஃபோ இருக்கிறார். எகிப்தை ஆண்ட ஹட்ஷெப்சுட் இருக்கிறார். அலெக்சாந்திரியாவின் கணித மேதை ஹைபேஷியா, வானியலாளர் கரோலின் ஹெர்ஷல், எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப்...

நம்ம ஊர்க்காரர் யாராவது உண்டா? உண்டு! காளி! முதல் பக்கத்தில் நான்காவது இருக்கை காளிக்கு. பாபிலோனின் இஷ்தாருக்குப் பக்கத்தில், இருண்ட நிறங்களில் ஒரு தட்டு. படைப்பவளும் அழிப்பவளுமான தெய்வமாக அவளை அங்கே உட்காரவைத்திருக்கிறார்.

பெரும்பாலான தட்டுகளில் இருப்பது முகங்கள் இல்லை. பட்டாம்பூச்சி, மலர், யோனி மூன்றும் கலந்த வடிவங்கள். ஆரம்பத்துத் தட்டுகள் தட்டையாக இருக்கும். காலம் செல்லச் செல்ல வடிவங்கள் தட்டை விட்டுப் புடைத்து எழும்பும். ஓ'கீஃபின் தட்டில் பறக்கத் துடிப்பதுபோல எழுந்து நிற்கும். கவிஞர் எமிலி டிக்கின்சனின் தட்டைக் கிட்டத்தில் பார்த்தால் அடுக்கடுக்காக இளஞ்சிவப்பு லேஸ். அது துணி இல்லை, பீங்கான்! நிஜ லேஸைப் பீங்கான் குழம்பில் தோய்த்துச் சூளையில் வைத்தால் நூல் எரிந்துபோகும், லேஸின் வடிவம் பீங்கானாக நின்றுவிடும். புடைத்த தட்டுகளைச் சுடுவது லேசான காரியமா? எத்தனையோ தட்டுகள் சூளையில் வெடித்துச் சிதறின. வெடிக்க வெடிக்க மறுபடி செய்தார்கள்.

விரிப்புகளைப் பற்றித் தனியாகவே ஒரு புத்தகம் எழுதலாம். ஒவ்வொரு பெண்ணும் வாழ்ந்த காலத்தில் புழங்கிய தையல் முறையிலேயே அவருடைய விரிப்பும் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1792இல் பெண்ணுரிமை நூல் எழுதியவர். 1797இல் மகளைப் பெற்ற சில நாள்களில் காய்ச்சல் கண்டு இறந்தவர். அந்த மகள்தான் பின்னாளில் 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதிய மேரி ஷெல்லி. விரிப்பின் முன்பக்கம் 18ஆம் நூற்றாண்டுச் சீமாட்டிகள் பொழுதுபோக்காகச் செய்த அழகழகான பூத்தையல். பின்பக்கம் தொங்கும் துணியிலோ ரத்தம் தோய்ந்த பிரசவப் படுக்கை, அதே நாசூக்கான தையலில்! பார்த்தவர்களால் மறக்க முடியாத விரிப்பு அது.

மேசை நிற்கும் தரையைப் பார்த்தீர்களா? 2,300க்கும் மேற்பட்ட முக்கோண பீங்கான் ஓடுகள். அவற்றின் மேல் தங்க எழுத்தில் 999 பெயர்கள்! இருபதுக்கும் மேற்பட்டோர் கொண்ட குழு நூலகம் நூலகமாக அலைந்து தேடியவை. இணையம் இல்லாத காலம் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்த 999இல் ஒரு விசேஷம் உண்டு. 998 பேர் பெண்கள், ஒருவர் ஆண்! க்ரெசிலாஸ் என்ற பழங்கிரேக்கச் சிற்பியைப் பெண் என்று நினைத்துச் சேர்த்துவிட்டார்கள். ஆயிரம் ஆண்டுகளாகக் கலை வரலாற்றில் ஆண் பெயர்களையே படித்து வந்த உலகத்தில், தவறுதலாக நுழைந்த ஒரே ஓர் ஆண்!

1979 மார்ச் 14இல் சான் ஃபிரான்சிஸ்கோ நவீன கலை அருங்காட்சியகத்தில் திறந்தார்கள். மூன்று மாதத்தில் சுமார் 1 லட்சம் பேர். வாசலில் வரிசை தெருவைத் தாண்டியது. அடுத்து என்ன நடந்திருக்க வேண்டும்? ஊர் ஊராக அருங்காட்சியகங்கள் போட்டி போட்டிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு! ஒப்புக்கொண்டிருந்த அருங்காட்சியகங்கள்கூடப் பின்வாங்கின. ஐந்து ஆண்டு உழைப்பு பெட்டிகளுக்குள் போய் அடைந்தது. அப்போது காப்பாற்றியது யார் தெரியுமா? சாதாரணப் பெண்கள்! ஹூஸ்டனில், பாஸ்டனில், கிளீவ்லாண்டில் குழு அமைத்து, நிதி திரட்டி, கிடைத்த கட்டடத்தில் காட்சிக்கு வைத்தார்கள். இப்படியே 6 நாடுகள், 16 இடங்கள், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள்! 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் ஹில்டன் கிராமர் அதை மட்டமான கலை என்று எழுதினார். மக்கள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஆனால் எல்லா விமர்சனத்தையும் அப்படித் தள்ளிவிட முடியாது. அடிமை முறையிலிருந்து தப்பி வந்து மேடை மேடையாகப் பேசிய கறுப்பினப் போராளி சோஜர்னர் ட்ரூத்துக்கும் மேசையில் இடம் உண்டு. மற்ற தட்டுகளில் பெரும்பாலும் யோனி வடிவம் இருக்க, இவர் தட்டில் மூன்று முகங்கள். எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் கேட்டார்: கறுப்பினப் பெண்ணுக்கும் உடல் உண்டு என்பதைக் கற்பனை செய்யக்கூட முடியவில்லையா? நியாயமான கேள்வி. 39 பேரில் வெள்ளையர் அல்லாதோர் இத்தனை குறைவாக இருப்பதும் குறைதான். இவ்வளவு பெரிய வேலையை நேசிக்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு விருந்து மேசையைப் பற்றி அமெரிக்க நாடாளுமன்றம் விவாதித்தது தெரியுமா? 1990இல் இந்தப் படைப்பை வாஷிங்டனில் உள்ள கொலம்பியா மாவட்டப் பல்கலைக்கழகத்துக்கு இலவசமாகவே கொடுக்க முன்வந்தார் ஜூடி. பிரதிநிதிகள் சபையில் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் இதே பேச்சு! ஆபாசம் என்று உறுப்பினர்கள் கொதித்தார்கள். பல்கலைக்கழகத்தின் நிதியில் 16 லட்சம் டாலரை வெட்ட ஓட்டுப் போட்டார்கள். கொடுக்க வந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டார் ஜூடி. மறுபடியும் பெட்டிகள். கடைசியில் எலிசபெத் சாக்லர் என்ற கொடையாளர் அதை வாங்கி நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். 2007இல் நிரந்தர இடம் கிடைத்தது. முதல் கண்காட்சிக்கும் நிரந்தர வீட்டுக்கும் இடையே 28 ஆண்டுகள்!

அதற்குள் இவர் எங்கேயோ போய்விட்டிருந்தார். மேற்கத்திய ஓவியங்களில் சிலுவை மரணத்துக்குக் கணக்கே இல்லை. பிரசவக் காட்சி எத்தனை என்று தேடினார். கிடைக்கவில்லை! 1980 முதல் 1985 வரை 'பர்த் புராஜெக்ட்'. இவர் வரைந்து கொடுக்க, அமெரிக்கா, கனடா, நியூசிலாந்து என்று 150க்கும் மேற்பட்ட பெண்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து எம்பிராய்டரியிலும் குரோஷாவிலும் பிரசவத்தைத் தைத்தார்கள். சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில். இத்தனைக்கும் ஜூடிக்குக் குழந்தை கிடையாது. நேரில் பிரசவம் பார்த்து, தாய்மார்களிடம் கேட்டுக் கேட்டு வரைந்தார். ஒவ்வொரு படைப்போடும் தைத்தவரின் பெயரும் இருக்கும். இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புகிறேன்: அவர் பெயர்களை விடுவதே இல்லை.

பிறகு ஆண்களின் அதிகார வெறியை வரைந்தார். கணவரும் புகைப்படக் கலைஞருமான டொனால்ட் வுட்மனோடு சேர்ந்து எட்டு ஆண்டுகள் நாஜிப் படுகொலையின் தடங்களைத் தேடி அலைந்து 1993இல் 'ஹோலோகாஸ்ட் புராஜெக்ட்' காட்டினார். அதற்காக வண்ணக் கண்ணாடி வேலைக்குள்ளும் இறங்கினார். நியூ மெக்சிகோவின் பெலென் என்ற சிற்றூரில் ரயில்வே காலத்துப் பழைய ஹோட்டல் ஒன்றைச் சீர்படுத்தி வீடாக்கிக்கொண்டார். எழுபதுகளின் வயதில் கறுப்புக் கண்ணாடியில் தீட்டிச் சூளையில் சுட்டுத் தன் மரணத்தையும் அழிந்துவரும் உயிரினங்களையும் பற்றி ஒரு வரிசை செய்தார். 2019இல் வாஷிங்டனில் காட்டினார்.

மும்பைக்கும் இவருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது! 2020 ஜனவரியில் பாரிஸின் ரொடான் அருங்காட்சியகத் தோட்டத்தில், டியோர் நிறுவனத்தின் ஆடை அணிவகுப்புக்காகப் படுத்திருக்கும் ஒரு தேவியின் வடிவில் 225 அடி நீளக் கூடாரம் அமைத்தார். தேவியின் வயிற்றுக்குள் அணிவகுப்பு! உள்ளே தொங்கிய பதாகைகளில் பெண்கள் உலகத்தை ஆண்டால் என்ன ஆகும் என்ற கேள்வி எம்பிராய்டரியில். தைத்தவர்கள் மும்பை சாணக்யா கைவினைப் பள்ளியில் பயிலும் பெண்கள். நம் நாட்டில் ஜர்தோசிப் பட்டறைகளில் காலங்காலமாக உட்கார்ந்து தைப்பவர்கள் ஆண்கள். அந்தத் தொழிலைப் பெண்களுக்குக் கற்றுத்தரும் பள்ளி அது. சுத்தியல் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த ஆசிரியைக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டாளிகள் கிடைத்திருப்பார்களா?

இவ்வளவு செய்தவருக்கு முழு வாழ்நாள் படைப்புகளையும் தொகுத்துக் காட்டும் முதல் கண்காட்சி எந்த வயதில் நடந்தது தெரியுமா? 82 வயதில்! 2021இல், சான் ஃபிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்தில். 2023இல் நியூயார்க்கின் நியூ மியூசியம் நான்கு தளங்களில் பிரம்மாண்டமாக நடத்தியது. அங்கேயும் தன்னை மட்டும் காட்டிக்கொள்ளவில்லை. 80க்கும் மேற்பட்ட பெண்களின் படைப்புகளையும் ஆவணங்களையும் கூடவே வைக்கச் செய்தார். 1970களில், 'டின்னர் பார்ட்டி' வேலைக்கு நடுவே, உலகப் படைப்பின் கதையைப் பெண் தெய்வத்தில் தொடங்கித் திருத்தி எழுதிய கையெழுத்துப் பிரதி ஒன்று அவரிடமே கிடந்தது. அது புத்தகமாக வந்தது 2024இல். எழுதியதற்கும் அச்சானதற்கும் இடையே சுமார் ஐம்பது ஆண்டு!

உங்கள் பிள்ளைகளோ உறவினர்களோ நியூயார்க் பக்கம் இருக்கிறார்களா? பார்க்கப் போகும்போது சுதந்திர தேவி சிலையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். சப்வே ஏறிப் புரூக்ளின் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நான்காவது மாடி. விளக்கு மங்கலான முக்கோண அறை. மூன்று பக்கமும் நிதானமாகச் சுற்றி வாருங்கள். காளியைப் பாருங்கள், எமிலியின் லேஸைப் பாருங்கள். வுல்ஸ்டன்கிராஃப்ட் விரிப்பின் பின்பக்கம் மேசைக்கு அந்தப் புறம் போனால்தான் தெரியும், மறக்காமல் போங்கள். தரையில் உள்ள பெயர்களைப் படிக்கவும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் போதாது.